சாம்பிள் தண்ணீர்

எங்கள் வீட்டில் சோறு பழுப்பாக வெந்த காலம் அது. ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்று மணலில் அம்மா தோண்டி வைத்திருந்த ஊற்றில்தான் தெருவே குடித்தது. அதற்குச் சற்று மேலே தோல் பதனிடும் கிடங்கின் கழிவுநீர்க் கால்வாய் ஆற்றில் வந்து விழுந்தது. ஆவாரம்பட்டைச் சாறும் சுண்ணாம்பும் மணலுக்குள் இறங்கி, ஊற்றின் அடியில் கறுப்பு வண்டலாகப் படிந்தன.

கால்வாயை ஊருக்குக் கீழே திருப்பிவிடச் சொல்லித் தெருவார் ஓயாமல் கேட்டதில், ஒரு கோடையில் சென்னையிலிருந்து பரிசோதனைக்காரர் ஒருவர் வந்தார். தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அவர் சொன்னால் கால்வாய் திரும்பும், இல்லையென்றால் இல்லை. மணலில் பூட்ஸ் கெடும் என்றோ என்னவோ, அவர் கரையைவிட்டு இறங்கவில்லை. வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியிலிருந்து இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

“ஊத்துத் தண்ணி ஒரு சாம்பிள், அடி வண்டல் ஒரு சாம்பிள். காலையில நிரப்பிக் கொண்டாம்மா.”

“வண்டலு எதுக்கு சாமி?”

“அதுலதான் எல்லாம் தெரியும்.”

அவர் அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவுக்குப் போய்விட்டார். அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அப்பா அதே கிடங்கில் தோல்களைத் தரம் பிரிப்பவர். சாம்பிள் என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்ததே கிடங்கு வழியாகத்தான். கத்திக் காயமோ உண்ணித் தழும்போ இல்லாத தோலாகப் பொறுக்கிப் பட்டணத்து வியாபாரிக்கு அனுப்புவார்கள். அதுதான் சாம்பிள்.

“இருக்கறதுல ஒசத்தியா குடுக்கணும். சாம்பிள் கெட்டா மொத்த சரக்கும் போச்சு” என்றார் அப்பா.

“அப்ப இந்தக் கஷாயத்தயா அனுப்பப் போறீங்க அண்ணி? பட்டணத்துல காறித் துப்புவான்” என்றாள் அத்தை.

விடிந்ததும் அம்மா என்னை அழைத்துக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தாள். ஆறு முழுக்க மணல்தான். நடக்க நடக்கக் கரை தள்ளிப்போயிற்று. கால்வாய்க் கழிவு எட்டாத இடத்தில் கையால் தோண்டினாள். முதலில் சுரந்ததை இறைத்துக் கொட்டி, தெளியவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் புட்டியில் ஊற்றினாள். மண்ணுக்குக் கூடுதல் சிரத்தை. அரிசி களைவதைப் போலத் திரும்பத் திரும்பக் களைந்து, பளபளவென்று அடைத்தாள்.

பரிசோதனைக்காரர் புட்டிகளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“இதுவா உங்க தண்ணி?”

“ஆமா சாமி. வேணும்னா இன்னம் ஒரு புட்டி தர்றேன்” என்றாள் அம்மா.

சில வாரங்களில் தலையாரி செய்தி கொண்டுவந்தார். தண்ணீர் சுத்தம், வண்டலிலும் குறையில்லை. “நம்ம தண்ணி பாஸாயிடுச்சி!” என்று அத்தை வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தாள்.

“அப்ப கால்வாய எப்பண்ணே திருப்பறாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“இன்னாத்துக்குத் திருப்பணும்? தண்ணிதான் நல்லாக் கீதே.”

அத்தை கையில் மிச்சமிருந்த சர்க்கரைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டாள். கால்வாய் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்வந்த கோடைகளில் எதிர்க்கரை மணலிலும் அந்த நிறம் ஏறிற்று.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் தண்ணீர் குடித்துவிட்டேன். அந்தக் காலைதான் நாக்கில் நிற்கிறது. புட்டியில் ஊற்றியது போக மீந்ததை அம்மா சொம்போடு எனக்குக் கொடுத்தாள். அண்ணாந்து குடித்தேன். மணல் குளிர்ச்சியும், பெயர் தெரியாத ஓர் இனிப்பும்.

“நல்லாக் கீதா? கால்வாயத் திருப்பிட்டா நம்ம ஊத்துலயே இப்படித்தான் வரும். அப்புறம் தெனமும் குடிச்சிக்கோ” என்றாள்.

தினமும் வரப்போகிற தண்ணீர்தானே என்று, சொம்பில் மீதி இருந்ததை ஊற்றிக் கால் கழுவிக்கொண்டேன்.