குறிகட்டுவானுக்கு வெயிலில் ஓடும் பஸ்

வெயிலைப் பிடித்து பஸ்ஸுக்குள் அடைப்பது என் தொழில். வானத்தை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் என் படபடப்பு விளங்கும். வேலணையில் எங்கள் சின்ன டிப்போவில் சோலார் தகடுகள், பற்றரிகள், பரீட்சார்த்தமாக ஒரேயொரு மின்சார பஸ். காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகை ஒருமுறை தவறவிட்டாலும் டீசல் பஸ்தான் திரும்பி வரும், என் வேலையும் போகும் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

சத்தமில்லாத முதல் நாள்

எங்கள் சனம் தரிப்பிடத்தில் காத்திருக்காது. வீட்டுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்து, தூரத்தில் எஞ்சின் இரையும்போதுதான் செருப்பைத் தேடும். இந்த பஸ் இரையவில்லை. பாதிப் பேரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மறுநாள் ஓர் அக்கா, சாரதி பரமண்ணையைப் பிடித்துக்கொண்டார்.

"காதைக் குடுத்துக்கொண்டுதான் இருந்தனான். கள்ளன் மாதிரிப் போனால் எப்பிடி ஏறுறது?"

வெயில் குறைந்த பகல்

மண்டை பிளக்கும் வெயில், ஆனால் பற்றரி ஏறவில்லை. வயர் வயராகத் தடவிப் பார்த்துக் களைத்து, கடைசியில்தான் டிப்போவின் பின்பக்கம் போனேன். நிலத்தோடு சாய்த்துப் பூட்டிய தகடுகள் முழுக்க ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்துச் சரசக்காவின் பனங்கிழங்கு. நான் கத்தினேன். அவர் அசையவேயில்லை.

"நல்லாய் வெயில் விழுகிற இடமெண்டுதானே தம்பி, நீரும் அதை அங்கை பூட்டினனீர்?"

மாரி

நாள்கணக்கில் மழை. ஊர்க் கரண்டும் காற்றுக்கு அறுந்து கிடந்தது. விடியப் பார்த்தால் பற்றரியில் கால்வாசிதான். "ஏலாது அண்ணை, டீசல் பஸ்ஸைக் கேப்பம்" என்றேன். பரமண்ணை சாரதி சீற்றில் ஏறி உட்கார்ந்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

நெடுந்தீவுக்குப் பரீட்சை நடத்தப் போகும் ரீச்சர் ஒருவர் முன் சீற்றில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தே விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எழுந்து எல்லா விசிறிகளையும் நிறுத்தச் சொன்னார். புங்குடுதீவுப் பாலத்தில் எதிர்காற்று பஸ்ஸைத் தள்ளியது. நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

இறங்குதுறையில் படகின் கயிறு இன்னும் அவிழவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. மேகம் விலகி லேசாக வெளித்தது. எல்லோரும் ஓடி ஏற, ரீச்சர் மட்டும் படகில் கால் வைத்தபடி திரும்பினார்.

"தம்பி, பின்னேரம் எங்களை ஏத்தவும் எங்கடை இந்த பஸ்தான் வரவேணும். வேறை ஒண்டை அனுப்பிப்போடாதையும்!"

ஆக, இந்தத் தொழிலில் எரிபொருள் சும்மா கிடைக்கிறது, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவது மட்டும்தான் நம் பொறுப்பு.