லேசாக ஒரு நாற்றம்

அலுவலகத்தில் அவருக்கு மூக்கு என்றுதான் பெயர். ஆள் பற்றாக்குறையான நாட்களில் மட்டும் மேற்பார்வையாளர் "மூக்கு சார்" என்பார். கழிப்பறை நாற்றத்தை உறிஞ்சும் பெட்டியைச் சுவரில் மாட்டுவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் அதன் கரித்தட்டை மாற்றுவதும் அவருடைய வேலை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செங்கல் அளவில் உட்கார்ந்திருக்கும் பெட்டி அது. உள்ளே சின்னதாக ஒரு விசிறி. உட்காரும் பலகைக்கு அடியிலிருந்து குழாய் வழியாகக் காற்றை இழுத்து, கரியில் வடிகட்டி வெளியே விடும்.

பதினாறு வருடமாக அடுத்தவர் கழிப்பறைகளில் முட்டி போட்டதில் இரண்டு முழங்காலிலும் கறுப்பாகக் காய்த்துப் போயிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, கரி செத்துவிட்டதா, குழாயில் விரிசலா, இல்லை வெறுமே கழுவாத தரையா என்று அவரால் சொல்லிவிட முடியும். அவர் மனைவி பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறவள். "பொண்டாட்டி தலையில என்ன எண்ணெய்னு தெரியாது. கண்டவன் வீட்டுக் கக்கூஸ் மட்டும் மனப்பாடம்" என்பாள்.

அந்த மூக்கு அவருக்குத் தொழிலில் உபத்திரவமாகத்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாற்றம் போகவில்லை என்று புகார் செய்த பெரியவர் ஒருவரிடம், "ஒரு நாத்தமும் இல்லையே சார்" என்று சொல்லிவிட்டார். தன்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டான் என அந்தப் பெரியவர் கம்பெனிக்கு மூன்று பக்கம் எழுதினார். ஒரு வாரம் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது மேற்பார்வையாளர், "அவங்க நாத்தம்னா நாத்தம். உன் மூக்கை வீட்டுல வச்சுட்டு வா" என்றார். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் போவார், குத்துக்காலிடுவார், கண்ணை மூடி நீளமாக இழுப்பார், தலையை ஆட்டிவிட்டு "லேசா இருக்கு" என்பார். அந்த 'லேசா'வில் எல்லோருக்கும் திருப்தி. கரித்தட்டைத் துடைத்து மாட்டினாலே சரியாகிவிட்டது என்பார்கள்.

தையல்காரம்மா ஒருத்தி வீட்டுக்கு முதல்முறை போனபோதும் அப்படித்தான் ஆயிற்று. இரண்டாவது மாடி, இரண்டு அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், சுற்றிலும் பள்ளிச் சீருடைத் துணி மலையாக. பெட்டி மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கழிப்பறைத் தரையில் கல் இடுக்குகூட வெளுத்துக் கிடந்தது. பிளீச்சிங் பவுடர், சோப்பு, அவள் மேலிருந்து லேசாக மெஷின் எண்ணெய். இவற்றைத் தவிர அங்கே எந்த வாடையும் இல்லை.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். சீருடையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்களே சொல்லுங்க தம்பி. எனக்கு ஒண்ணும் வரல. இவளுக்கு மட்டும் வருதாம்."

"இவருக்கு டீசலைத் தவிர வேற என்ன தெரியும்?" என்றாள் அவள். பிளீச்சிங்கில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. "ஒரு நாளைக்கு மூணு தடவ கழுவறேன். அப்பவும் வருது. எனக்குப் பைத்தியம்னு இவங்க அண்ணன் வீடு வரைக்கும் சொல்லிச் சிரிச்சாச்சு."

அவர் குத்துக்காலிட்டார். கண்ணை மூடினார்.

"லேசா இருக்குக்கா."

அவள் தோள் இறங்கியது. கணவர் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களா" என்றாள்.

ஐந்து வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். அன்று வீட்டில் அவள் மட்டும்தான். தேநீர் போட்டு வைத்திருந்தாள்.

"வந்தா அஞ்சு நிமிஷம் தம்பி. அப்புறம் சுவிட்ச் போட்ட மாதிரி நின்னுடுது. இப்ப முடி கருகுற வாடையும் சேந்துக்கிச்சு. நேத்து பஸ் ஸ்டாப்புல நிக்கறேன், அங்கயும் வந்துச்சு. துணியில ஒட்டிக்கிட்டுக் கூடவே வருதோ என்னவோ."

அவர் வாயில் திருகாணி இருந்தது. துணியில் ஒட்டிய நாற்றம் சுவிட்ச் போட்டதுபோல் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். அவரைவிட அது வேறு யாருக்குத் தெரியும்? திருகாணியை எடுத்துவிட்டு, "இருக்கும்க்கா, துணி பிடிச்சுக்கும்" என்றார். சாப்பாட்டு நேரத்துக்குள் இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது.

"இவரு டாக்டர்கிட்ட போலாம்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. கக்கூஸ் நாத்தத்துக்கு எதுக்கு டாக்டர்? மெக்கானிக்குக்கே வருதுன்னு சொல்லிட்டேன். வாயடைச்சுப் போயிட்டாரு."

அவரும் சேர்ந்து சிரித்தார். படியிறங்கும்போது அந்தச் சிரிப்பு உறுத்தியது. முதல் மாடித் திருப்பத்தில் நின்றார். மேலே ஏறிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று பார்த்தார். கைபேசி அடித்தது. மேற்பார்வையாளர். இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை மனைவியிடம் சொன்னார். "அந்தக்காவுக்கு என்னமோ சரியில்ல."

"அப்பப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே."

"ரெண்டு தடவ இருக்குன்னு சொல்லியாச்சு. இப்பப் போய் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்" என்று அவள் டிபன் பாக்ஸை அவர் கையில் திணித்தாள்.

மூன்றாம் முறை அழைப்பு வந்தபோது சொல்லிவிடும் முடிவோடுதான் போனார். ஆனால் வாசலுக்கே சண்டை கேட்டது. உள்ளே போனதும் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஓட்டுநர், "சத்தியமாச் சொல்லுங்க தம்பி" என்றார். அவள் அழுது வீங்கிய கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை முதுகில் இருக்கக் கழிப்பறைக்குள் போய்க் குத்துக்காலிட்டார். வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். ஓட்டுநர் தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம் நான்கு மாதம் அந்த வீட்டிலிருந்து அழைப்பு இல்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நினைக்க வசதியாக இருந்தது. பிறகு ஒருநாள் பெட்டியைக் கழற்றச் சொல்லி அலுவலகச் சீட்டு வந்தது.

கதவைத் திறந்த ஓட்டுநர் உள்ளே கையைக் காட்டினார். தையல் மெஷின் மேல் பழைய போர்வை போர்த்தியிருந்தது. அவள் நாற்காலியில் இருந்தாள். மொட்டைத் தலையில் துணி கட்டியிருந்தது. வலது கை, வேறு யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது.

"உக்காருங்க தம்பி. தலைக்குள்ள கட்டி. எடுத்துட்டாங்க" என்றாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "நாத்தமெல்லாம் அங்கேருந்துதான் வந்துச்சாம். வெளியில எதுவுமே கிடையாதாம்." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உங்களுக்கு எப்படித் தம்பி வந்துச்சு?"

சொல்வதற்குப் பதில் இல்லாமல் இல்லை. ஈரக் கரிக்கும் ஒரு வாடை உண்டு, பக்கத்து வீட்டுக் குழாய், மழைக்காலம் என்று பதினாறு வருடப் பதில்கள் நாக்கு நுனியில் இருந்தன. ஓட்டுநர் தண்ணீர்த் தம்ளரோடு சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வரலக்கா."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அவள் இடது கையால் வலது கையை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டாள். "சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா கை தப்பிச்சிருக்கும்னாங்க. இவரு கூப்பிட்டாரு. நான்தான் போகல. உங்க பேச்சை வச்சுத்தான் போகல." பிறகு, "எதுக்குத் தம்பி அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான்க்கா சொல்றது. இல்லன்னா மனசு நோகும்னு."

"நொந்திருக்கும்தான். வெளிய போடான்னு சொல்லியிருப்பேன். அப்புறம் இவரு கூடப் போயிருப்பேன்."

ஓட்டுநர் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "கழட்டிட்டுக் கிளம்புங்க தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை.

கழிப்பறைக் கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. தரை ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. பல நாளாகத் தண்ணீர் மட்டும்தான் ஊற்றப்பட்டிருக்கிறது. பெட்டியைக் கழற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"ஆபரேஷனுக்கப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்ல" என்றாள் அவள். "சாம்பார் தீஞ்சாக்கூடத் தெரியாது. யாராவது வந்தா முகத்தைச் சுளிக்கிற மாதிரி இருக்கு. இவரைக் கேட்டா ஒண்ணும் இல்லங்கறாரு. உள்ளே நாத்தம் இருக்கா தம்பி?"

ஓட்டுநர் அவரைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"இருக்குக்கா. நல்லாவே இருக்கு."

ஓட்டுநரின் முகம் தொங்கிப்போயிற்று. அவள் கணவரிடம், "பவுடர் போட்டுத் தேய்க்கணும். இப்பவே" என்றாள். ஓட்டுநர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முப்பது வருடம் குடித்தனம் நடத்திய வீட்டில் பிரஷ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.