குளிருக்கு மூன்று பாஷை

“இந்தப் பொண்ணுக்கே வாயைத் தொறந்து பேச வராது. இது போயி வெள்ளைக்காரிங்களுக்குப் பேசக் கத்துக்குடுக்குதாம்!”

ஆம்பூர் ரயிலடியில் நின்றுகொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் யாரோ யாரிடமோ சொன்னது இது. திரும்பிச் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வாய் வேண்டுமே! பட்டணத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வந்து, எங்கள் ஊர்ப் பெண்கள் டிஸ்பென்சரியில் இருக்கும் இரண்டு வெள்ளைக்காரப் பெண்மணிகளுக்கு நான் முன்ஷியாக இருக்கிறேன். தமிழ் வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பிறந்தது முதல் யோசிக்காமல் பேசிவந்ததை ஒருவர் “ஏன்?” என்று கேட்க, பதில் தெரியாமல் முழிப்பதற்குச் சம்பளம் வாங்குவதுதான் முன்ஷி வேலை. பாஷை சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இது புதிதல்ல.

என் மாணவிகளில் ஒருவர் டாக்டர் ஹாரியட். இங்கிலீஷ்காரர். நல்ல உயரம், சிரிப்பு கம்மி. மற்றவர் நர்ஸ் இனேஸ். ஸ்பெயின் தேசத்து மலையூர்க்காரர். அவருக்கு இங்கிலீஷே அரைகுறை. நான் ஒரு வார்த்தை சொன்னால் இருவரும் அதைத் தத்தம் பாஷையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடமாட்டார்கள். அந்த மார்கழியில் எங்களிடம் மாட்டிக்கொண்டது குளிர்.

குளிர் எங்கே இருக்கிறது?

“எனக்குக் குளிருது” என்பது அன்றைய பாடம். டாக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். “நாங்கள் ‘ஐ ஆம் கோல்ட்’ என்போம். அதாவது நானே குளிராக இருக்கிறேன். உங்கள் வாக்கியத்தில் ‘நான்’ எங்கே?” என்றார். இனேஸ் உடனே, “எங்களுக்கு ‘தெங்கோ ஃப்ரியோ’. என்னிடம் குளிர் இருக்கிறது” என்று, குளிரை மடியில் வைத்திருப்பதுபோலக் காட்டினார். எதற்கெடுத்தாலும் குளிருது குளிருது என்று போர்த்திக்கொள்கிறவளுக்கு அவர்கள் ஊரில் ‘ஃப்ரியோலேரா’ என்று தனிப்பெயரே உண்டாம். நானோ, தமிழில் குளிர் எங்கிருந்தோ வருகிறது, நாம் சும்மா அகப்பட்டுக்கொள்கிறோம் என்று விளக்கினேன். எனக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

டிஸ்பென்சரியைப் பெருக்கி, வெந்நீர் போட்டு, எங்கள் மூவரையும் மேய்ப்பவர் மேரியக்கா. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: “எந்த பாஷையில குளுந்தா இன்னாம்மா, மொதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க!”

வயிறு குளிர்ந்த அம்மாள்

ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் மகளை மாட்டு வண்டியில் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். சுகப்பிரசவம். ஊருக்குக் கிளம்பும்போது டாக்டருக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என் வயித்தைக் குளிர வெச்சிட்டீங்க தாயி” என்றாள். வயிறும் தெரியும், குளிரும் தெரியும். போன வாரம்தான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் உள்ளே போய் ரப்பர்ப் பையில் வெந்நீர் நிரப்பிக்கொண்டுவந்து அவள் வயிற்றில் வைத்துவிட்டார்.

எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மகளிடம் சொன்னாள்: “பாத்தியா, பிரசவமும் பாத்து வெந்நிப் பையும் இனாமா குடுக்கறாங்க!”

அன்பில்லாதவளுக்கு என்ன பெயர்?

வயிறு குளிர்வது நம்மிடம் பெரிய சந்தோஷம் என்று மறுநாள் விளக்கினேன். மனம் குளிரும், கண் குளிரும் என்றும் சொல்லிவைத்தேன். டாக்டர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, “எங்கள் ஊரில் ஒருத்தியை கோல்ட் என்று சொன்னால், அவளுக்கு மனிதர்மேல் பிரியம் இல்லை என்று அர்த்தம்” என்றார். ஸ்பெயினிலும் அப்படித்தான் என்று இனேஸ் தலையாட்டினார். “அப்படிப்பட்ட பெண்ணைத் தமிழில் எப்படிச் சொல்வது?”

‘குளிர்ந்தவள்’ என்றால் நம் ஊரில் அவளைப் பெண் கேட்டு வந்துவிடுவார்கள். நான் படித்த புத்தகங்களையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை. துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்த மேரியக்காவைக் கேட்டேன். நின்றுகூடப் பார்க்காமல் பதில் வந்தது: “மூஞ்சி குடுத்துப் பேசாதவள்னு சொல்லு. ஏன், இங்க யாரு அப்படி?”

முனியம்மாள் இறங்கிப் போனாள்

டாக்டர் ஏன் கேட்டார் என்பது அந்த வாரமே தெரிந்தது. முனியம்மாளின் கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவர். அவள் இரண்டு குழந்தைகளைப் பிரசவத்திலேயே பறிகொடுத்தவள். இது மூன்றாவது. நாள் நெருங்கி டிஸ்பென்சரிக்கு வந்திருந்தாள். இனேஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குழந்தை குறுக்கே கிடக்கிறது. அப்படியே விட்டால் இதுவும் தங்காது. ஆனால் வெளியிலிருந்தே மெல்ல மெல்ல அழுத்திக் குழந்தையைத் திருப்பிவிட டாக்டருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முனியம்மாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் மருந்துத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து வயிற்றில் வைத்தார். “யம்மா!” என்று ஒரு கத்தல். அடுத்த நிமிஷம் முனியம்மாள் மேஜையைவிட்டு இறங்கி, புடவையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் ஓடினேன். தெருவில் நான் ஓடியதை ஆம்பூர் அன்றுதான் பார்த்தது.

“கையா அது? கெணத்துக்குள்ளேர்ந்து எடுத்தாப்ல இருக்குது! எங்க ஊட்டுக்காரரு கையும் இந்த மாசத்துல அப்படித்தான் மரத்துப் போவும், தண்ணியிலயே நின்னு நின்னு. நான் சூடு பறக்கத் தேய்ச்சு உட்டாத்தான் சோத்தையே பிசைவாரு. அவரு கையவே நான் வயித்துல வெக்க உடமாட்டேன். உள்ள புள்ள சுருண்டுக்காது?” என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, “அந்தம்மா மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல டீச்சரம்மா. அதையும் சொல்லிடு” என்றாள்.

சொல்லியாக வேண்டியது

திரும்பி வந்தபோது டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜையைப் பார்த்துக்கொண்டே, “எல்லோரும் இனேஸிடம் போகிறார்கள். என்னைக் கண்டால் விலகுகிறார்கள். நான் கோல்ட், அதுதானே?” என்றார்.

ஸ்பானிஷில், இப்போது குளிர்ந்திருப்பதை ஒரு விதமாகவும் சுபாவமே குளிர்ந்திருப்பதை வேறு விதமாகவும் சொல்வார்களாம். இங்கிலீஷில் எனக்கு அந்த வசதி இல்லை. சம்பளம் கொடுக்கிறவரிடம், அதுவும் உயரமானவரிடம், அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும்.  குறுக்கே கிடக்கும் குழந்தையை நினைத்துக்கொண்டேன். “நீங்கள் இல்லை டாக்டர். உங்கள் கைகள் மட்டும்” என்று சொல்லி, முனியம்மாள் பேசியதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

அவர் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். “சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வெந்நீர் போதுமே இதற்கு! இத்தனை நாளில் ஒருவராவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?”

செம்புத் தண்ணீர்

மறுநாள் காலையில் டாக்டரும் இனேஸும் நானும் ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு முனியம்மாள் வீட்டுக்குப் போனோம். மேரியக்கா கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த செம்பு வெந்நீரை டாக்டர் சால்வையில் சுற்றி, மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆம்பூர்ப் பாட்டையில் ஜட்கா என்றால் கேட்க வேண்டுமா? பாதித் தண்ணீர் வழியிலேயே எங்கள் புடவையிலும் கவுனிலும் போயிற்று. மிச்சம் ஆறிப்போயிற்று. டாக்டரின் கை பழையபடி ஜில்லென்று இருந்தது.

முனியம்மாள் வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அண்டை வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். “இன்னாடி, டாக்டரம்மா ஊட்டுக்கே வந்துட்டாங்க, சீர் எதுனா எடுத்தாந்தாங்களா?” என்று ஒருத்தி கேலி பேசினாள். நான் மொழிபெயர்க்கத் தயாராக முன்னால் வந்தேன். டாக்டர் என்னை விலக்கிவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தாமே தமிழில் சொன்னார்.

“முனியம்மா. என் கை ஜில்லு. வெந்நீர் கொட்டிப் போச்சு. என்ன பண்ணலாம், நீ சொல்லு.”

மூன்று பாஷை தெரிந்தவர்கள் கூடிய இடத்தில் முன்ஷிக்கு மட்டும் அன்று வேலை இல்லை. முனியம்மாள் அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தாள். “உள்ள வாம்மா” என்று டாக்டரை இழுத்துப் போய்ப் பாயில் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, அந்த இரண்டு கையையும் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து, வாயால் ஊதி, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, படுத்து, தானே எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.