இடிக்காமல் செய்கிறவர்

மேலே எங்காவது பொட்டென்று ஒரு சத்தம் கேட்டால் இன்றும் என் கை தானாக நீண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து இழுக்கிறது. போன மாதம் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை அப்படி இழுத்துவிட்டேன். அவள் முறைத்தாள். பஸ் கூரைமேல் யாரோ ஒரு மூட்டையைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே போனேன். உட்கார முடியவில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் இருக்கிறது. மாமனார் காலத்து மெட்ராஸ் ஒட்டுக் கட்டடம். குறுக்கே தேக்குக் கட்டைகள் போட்டு, அவற்றின்மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்பில் நெருக்கி நிறுத்திக் கட்டிய மேல்தளம். எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்கு நாக்பூரில் வேலை. வருடத்துக்கு இரண்டு முறை வருவார். நான் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் புரட்டாசியில், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, எங்கள் ஒரே பெண் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் கொடுத்தது பின்னறை. அந்த அறையில்தான் மூலையில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. மழை வந்தால் ஒழுகும் என்று எனக்குத் தெரியும். கணவருக்கு எழுதினேன். நன்றாக விசாரித்து, நல்ல ஆளாகப் பார்த்துச் செய் என்று பதில் வந்தது.

விசாரித்தேன். அதில் நான் குறை வைக்கவில்லை. பள்ளியில், ரேஷன் கடை வரிசையில், மருந்துக்கடையில் எல்லாம் கேட்டேன். முதலில் வந்தவர் ராயப்பேட்டையிலிருந்து ஒரு மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும், கட்டம் போட்ட லுங்கி, தலையில் வெள்ளைக் குல்லா. வந்தவர் கறையைப் பார்க்கவே இல்லை. ஸ்டூல் கேட்டு ஏறி, கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தைக் கரண்டிப் பிடியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு மடியிலிருந்து ஒரு நீள ஆணியை எடுத்து அங்கே கையாலேயே அழுத்தினார். ஆணி ரொட்டிக்குள் போவதுபோல் போனது.

"இந்த முனை போய்ட்டுதும்மா. உள்ள பஞ்சாட்டம் கீது. மேல பிரிச்சி கட்டைய மாத்தணும். சும்மா பூசிக்கினு போனா நிக்காது."

அந்த நேரம் பார்த்து என் சம்பந்தியம்மா பெண்ணைப் பார்க்க வந்திருந்தார். அவர்களுக்குத் தி.நகரில் துணிக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நல்ல மனுஷி. மேஸ்திரி சொன்னது காதில் விழுந்து அறை வாசலுக்கு வந்தவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மதினி, பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல சுவத்துல ஆணிகூட அடிக்கப்படாது. நீங்க கூரையையா பிரிக்கப் போறீய?"

எனக்கும் இது தெரியாததல்ல. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் எதையும் இடிப்பதில்லை, வெட்டுவதில்லை, தோண்டுவதில்லை. இடித்தால் பிள்ளைக்கு ஆகாது. மரம் ஏன் உளுத்துப்போகிறது என்று வகுப்பில் படம் போட்டு விளக்குகிறவள் நான். ஆனாலும் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? மேஸ்திரியிடம் போய், இடிக்காமல் செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். பெண்ணைப் பத்து நாள் வேறு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் முடித்துத் தருகிறேன் என்றார். பிரசவத்துக்கு வந்த பெண்ணை வெளியே அனுப்பச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம். பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்று வாசல்வரை போய் வழியனுப்பினேன். படியிறங்கும்போது அவர், தன் தெருவுக்குப் பக்கத்தில் தான் கட்டை மாற்றிய ஒரு வீட்டின் அடையாளம் சொல்லி, மூன்று மழை பார்த்த வேலை, போய்ப் பாருங்கள் என்றார். நான் போகவில்லை.

அன்றிலிருந்து என் விசாரணை மாறிவிட்டது. யார் நல்ல ஆள் என்று கேட்பதை விட்டுவிட்டு, இடிக்காமல் யார் செய்வார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். அப்படிக் கேட்டால் அப்படிப்பட்டவர்தான் கிடைப்பார். ஒருவர் சைக்கிளில் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் டைரி, பெயர் அச்சடித்த தாள். கறையைத்தான் பார்த்தார். ஏறவில்லை.

"கவலையே படாதீங்கம்மா. ஒரு செங்கல் அசையாது. மேல சிமெண்ட் பூச்சு, கீழ வெள்ளை. தங்கச்சி படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே வேணாம்."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது! ஆனாலும் நான் சும்மா விடவில்லை. அவர் வேலை செய்த ஒரு மந்தைவெளி வீட்டுக்குப் போனேன். சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்த வீட்டம்மா, சொன்ன நேரத்துக்கு வருவார், குப்பையை அள்ளிவிட்டுத்தான் போவார், மரியாதையாகப் பேசுவார் என்றார். எல்லாவற்றையும் கேட்டேன். வேலை எந்த மாதம் நடந்தது என்றுகூடக் கேட்டேன். ஆனியில் என்றார். நான் போனது புரட்டாசி. நடுவில் ஒரு நல்ல மழைகூடப் பெய்யவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

நாலே நாளில் வேலை முடிந்தது. கறை மறைந்தது. சம்பந்தியம்மா வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். நானும் நிம்மதியாக இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் பள்ளியில் இருப்புக்கொள்ளவில்லை. இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவந்து, மூலையைப் பார்த்துவிட்டு, ஈரப் புடவையோடு திரும்பி ஓடுவேன். மூலை காய்ந்துதான் இருந்தது. தண்ணீர் கீழே வரவில்லை. உள்ளேயே நின்றுகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னறைக் கட்டிலில் படுத்திருந்த பெண் குரல் கொடுத்தாள்.

"அம்மா, ஒரு துண்டு நார்த்தங்காய் எடுத்துக் குடேன்."

காலையிலிருந்து அது நாலாவது ஏவல். எனக்கு எரிச்சல்.

"எழுந்து போய் எடுத்துக்கோயேன். நானும் மனுஷிதானே."

அவள் ஏதோ முணுமுணுத்தது கேட்டது. நான் தலை நிமிரவில்லை. அடுத்த தாளை எடுத்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம். லாரியிலிருந்து செங்கல்லைச் சரிக்கிற சத்தம்போல் இருந்தது. பின்னறை வாசலிலிருந்து வெள்ளைத் தூசி கூடத்துக்குள் வந்தது. நான் உள்ளே ஓடினேன். கட்டில் தெரியவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் ஒரு குவியலாகக் கிடந்தன. அவற்றுக்குக் குறுக்கே அந்தக் கட்டை. நான் கையால் தோண்ட ஆரம்பித்தேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"அம்மா, நான் இங்க இருக்கேன். அம்மா, இங்க பாரு."

எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் கை நிற்கவில்லை. அவள் வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஒரு கையில் ஊறுகாய் ஜாடியின் மூடி. நான் அவளைப் பார்த்தேன். பிறகும் திரும்பி இன்னும் இரண்டு செங்கல்லை எடுத்துப் போட்டேன் என்று அவள் சொல்கிறாள்.

அன்று மத்தியானமே சம்பந்தியம்மா டாக்சியில் வந்து பெண்ணைத் தி.நகருக்கு அழைத்துப் போனார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லாமல் போவது எங்களில் பெரிய குறை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்சியில் ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் நான் துணி சுற்றியிருந்தேன்.

"நான் சொன்னதக் கேட்டுத்தான இப்படி ஆச்சு மதினி."

இல்லை என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவர் சொன்னது ஒரு வார்த்தை. அந்த ஆணி உள்ளே போனதை அவர் பார்க்கவில்லை. பார்த்தவள் நான்.

பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவர்கள் என் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்குள் அந்த அறைக்குக் கூரை வேண்டும். சைக்கிளில் வந்தவரைத் தேடிப் போனேன். அவர் கொடுத்த விலாசத்தில் வேறு யாரோ இருந்தார்கள். அதற்குமேல் அவரைத் தேடவில்லை, நேரமில்லை. ராயப்பேட்டை மேஸ்திரியைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் இப்போது எனக்கு அவர்மேலும் நம்பிக்கை வரவில்லை, யார்மேலும் வரவில்லை. கொட்டுகிற மழையில் குடையோடு, அவர் அடையாளம் சொன்ன வீட்டைத் தேடிப் போனேன்.

கதவைத் திறந்த அம்மாள் என் கண்ணாடியையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் பேசினாள்.

"குடும்பக் கட்டுப்பாடா? எனக்கு அஞ்சு ஆயிட்சி, அவருக்கும் வயசாயிட்சி. இனிமே இன்னாத்துக்கு?"

உங்கள் வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய், ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். ஏறி, மாற்றிய கட்டை சுவரில் நுழையும் இடத்தைத் தடவிப் பார்த்தேன். வெளியே மழை. அந்த இடம் உள்ளங்கைபோல் உலர்ந்திருந்தது. இறங்க மனமில்லாமல் தடவிக்கொண்டே இருந்தேன். "மழை புடிச்சா அந்த ஆளே வந்து பாத்துட்டுப் போவாரு," என்றாள் அவள். "நாங்க கூப்புடறதே இல்ல."

அங்கிருந்து மேஸ்திரி வீடு நாலு எட்டு. அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நடந்ததைக் கேட்டு முதலில், பொண்ணுக்கு ஒன்றும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"நான் இடிக்கிறேன்னா வேணான்னீங்க. இப்ப அதுவே இடிச்சிக்கிச்சி."

நான் தலை குனிந்தபடி, இடிக்காமல் செய்ய வழியே இருக்கவில்லையே, நான் என்ன செய்திருக்க முடியும் என்றேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"இடிக்காம மாத்தத்தான் வழி இல்ல, டீச்சரம்மா. ரெண்டு சவுக்குக் கட்டைய நிறுத்தி முட்டுக் குடுத்துட்டுப் போயிருப்பேனே. புள்ள பொறக்கிறவரைக்கும் நின்னுக்கினு இருக்கும். அதுக்கு ஒரு ஆணிகூட வேணாம். நீங்க கேக்கவே இல்லையே."

அந்தச் சொல்லை நான் எத்தனையோ நாள் மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். இடிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு மேல் நான் எதையுமே கேட்கவில்லை.

வேலைக்கு அவர் அவசரப்படவில்லை. தார்ப்பாய் கட்டி, மழை விட்ட நாட்களில் மட்டும் செய்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விடுவார். அந்த அரை நாள்கூட எனக்குத் தாங்கவில்லை. பழைய கட்டையின் முனையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். விரலால் அமுக்கினால் பொடியானது. கார்த்திகை நடுவில் தி.நகரில் வலி எடுத்து, ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தளத்தில் ஓடு பதித்துவிட்டார்களா என்று பார்க்க அன்று மாலையே திரும்பிவிட்டேன். பெண் அதை இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

ஓடு பதித்துக் காய்ந்ததும் மேஸ்திரி மொட்டைமாடியில் தண்ணீர் போகும் வழிகளைத் துணியால் அடைத்து, குடம் குடமாக ஊற்றித் தேக்கி வைத்தார். இரண்டு நாள் அது நின்றது. அந்த இரண்டு நாளும் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அதே மூலையில் பாய் போட்டுப் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. ஒரு சொட்டுக்கூட.

தூளி கட்டுவதற்கு அந்தப் புதுக் கட்டையில் அவரே ஒரு கொக்கி போட்டுக் கொடுத்தார். கயிற்றைப் பிடித்து இரண்டு காலையும் மடக்கித் தொங்கிக் காட்டிவிட்டு, "போதுமா?" என்றார். போதாது என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே போனார். அவர் போனபின் தூளியில் அரிசி மூட்டையை வைத்து ஒரு நாள் முழுக்க ஆட்டாமல் விட்டேன். பிள்ளையோடு வந்த பெண் அறை வாசலிலேயே நின்றாள். கொக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையை என்னிடம் கொடுத்தாள். நான்தான் அவனைத் தூளியில் போட்டேன். தொண்ணூறு நாள் அங்கே தூங்கினான். அவன் தூங்கிய நேரமெல்லாம் நான் தூங்கவில்லை.

அவர்கள் தி.நகருக்குப் போய் நாலைந்து வருடம் ஆகிறது. இப்போது பின்னறையில் யாரும் படுப்பதில்லை. இருந்தும் மழை பிடித்தால் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேஸ்திரி விட்டுப்போன அந்த ஆணியால் கட்டையின் முனையை அழுத்திப் பார்ப்பேன். இறங்காது. இரண்டு நாள் கழித்து அவரே வந்து அதே இடத்தைத் தட்டிப் பார்ப்பார்.

இந்த ஐப்பசியில் ஒருநாள் மழையில் கதவு தட்டினார்கள். அடையாற்றிலிருந்து ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், முந்தானையெல்லாம் ஈரம். மேஸ்திரி சொன்னாராம், இந்த வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள் என்று. பின்னறைக்கு அழைத்துப் போய் ஸ்டூலைப் போட்டேன். ஆணியைக் கையில் கொடுத்தேன். அவள் ஏறாமல், இவர் எப்படிப்பட்டவர், சொன்ன நேரத்துக்கு வருவாரா, ரொம்ப இடிப்பாரா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுல அந்த இடத்துக்குக் கீழ யார் படுக்கிறாங்க?" என்று கேட்டேன்.

மாமியாரும் சின்னப் பையனும் என்றாள். அவளை உட்காரவிடவில்லை. குடையை நானே விரித்துக் கையில் கொடுத்து, முதலில் வீட்டுக்குப் போய்ப் படுக்கையை நகர்த்திப் போடுங்கள், மேஸ்திரியிடம் இன்றைக்கே இரண்டு முட்டு நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதையெல்லாம் நாளைக்கு வந்து கேளுங்கள் என்று வாசலுக்கு அனுப்பினேன். அவள் திகைத்துப்போய் நடந்தாள். சந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் வேகமாகப் போனால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.