நடைபாதைப் பனியை யார் அள்ளுவது?

காலை ஏழு ஐம்பத்திரண்டு. அலுவலகத்துக்குப் புறப்பட்டுக் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். ஃபோனில் என் மகள் ஆரணி. வயது பதின்மூன்று.

"அம்மா, கார் ஒண்டு சறுக்கி வந்து இடிச்சிட்டுது. கை வளைஞ்சு கிடக்கு."

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில், எங்கள் குடியிருப்பின் சாலையில், பனிமேட்டை ஒட்டி அவள் நடந்து போயிருக்கிறாள். அங்கே சாலையோர நடைபாதை கிடையாது. வேண்டுமென்றே போடாமல் விட்டது. அந்தக் குடியிருப்பை வடிவமைத்த குழுவில் நானும் ஒருத்தி. நகரத் திட்டமிடல் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

1. மாதிரி நகரம்

என் முதல் வேலை இங்கிலாந்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுப்பிய ஒரு புதுநகரத்தின் திட்டப்பிரிவில். லண்டனில் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கும் ஒற்றை அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களுக்கும் வயல்வெளியில் கட்டிக்கொடுத்த ஊர் அது. பேட்டைக்கொரு பள்ளி, நாலு கடை, ஒரு மண்டபம். கார்கள் வெளிச்சுற்றில் ஓடும். ஆட்கள் வீடுகளின் பின்புறப் பாதையில் நடப்பார்கள். எல்லா வீடும் ஒரே அச்சு, ஊருக்கு முகமே இல்லை என்று அங்கே பிறந்தவர்களே சலித்துக்கொள்வார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை ஒரு சாலையைக்கூடக் கடக்காமல் பள்ளிக்குப் போய்விடும். அதில் மயங்கிப்போனேன்.

2. கூட்டம்

பிறகு கனடா வந்து சேர்ந்த மொன்றியல் நிறுவனத்தில் அதே திட்டத்தை முன்வைத்தவள் நான்தான். மேலாளர் சென்னைக்காரர். வரைபடத்தைப் பார்த்ததும் உற்சாகத்தில் துள்ளினார்.

"பின்னாடிதான் பாதை இருக்கே, அப்புறம் ரோட்டோரமா சைட்வாக் எதுக்கும்மா? தூக்கிடுங்க."

"வின்டர்ல, சேர்..." என்று இழுத்தேன்.

"வின்டர் வந்தா பாதை என்ன எழுந்து ஓடிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கட்டி முடித்தபோது பின்புறப் பாதை நகராட்சியில் பூங்கா நிலமாகப் பதிவானது. பூங்காவுக்குப் பனி அள்ளும் அட்டவணை இல்லை. முதல் பெரிய பனியிலேயே இடுப்பளவு மூடிக்கொண்டது. அங்கே வீடு வாங்கிய நாங்கள் எல்லோரும் பிள்ளைகளைச் சாலையில் நடக்கவிட்டோம்.

3. பொறுப்பு

ஆரணிக்கு மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டுப் போட்டு வந்ததும் நகராட்சியை அழைத்தேன். பூங்காப் பிரிவு, சாலைப் பிரிவைக் கேள் என்றது. சாலைப் பிரிவு, இனிமையாகப் பிரெஞ்சில் ஒரு பொன்ஜூர் வணக்கம் சொல்லிவிட்டு, பூங்காப் பிரிவைக் கேள் என்றது. மேலாளரை அழைத்தேன்.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்றவர் அடுத்த மூச்சிலேயே, "இதெல்லாம் மெயில்ல எழுதிடாதீங்கம்மா" என்றார்.

பிள்ளையின் கை முறிந்திருக்கிறது, இந்த மனிதருக்கு மெயிலைப் பற்றிக் கவலை! எழுதினேன். திட்ட வரைபடத்தில் என் கையெழுத்து இருந்த பக்கத்தையும் இணைத்து, நகராட்சிக்கும் நகல் வைத்து அவருக்கே எழுதினேன். இன்றைக்கும் காலை எட்டு மணிக்கு முன்னால் ஃபோன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

ஒரு பாதையை வரைந்தால், அதை யார், எந்த மாதத்தில், எந்த இயந்திரத்தால் துப்புரவாக்குவார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரிக்காதீர்கள்.

மெயில் போன பத்தொன்பதாம் நாள் ஒருவழியாகப் பனி அள்ளும் இயந்திரம் வந்தது. ஓட்டுநர் யாழ்ப்பாணத்துப் பெடியன். இறங்கிப் போய், பாதையின் வாயிலில் கார்களைத் தடுக்க நட்டிருந்த இரும்புக் கம்பங்களுக்கு நடுவே இரண்டு கைகளையும் விரித்து அகலம் பார்த்தான். திரும்பி வந்து ஆரணியின் மாவுக்கட்டைப் பார்த்தான், பிறகு என்னை.

"இதுக்குள்ள என்ர மெஷின் போகாது அக்கா. ஸ்னோவையே காணாத ஆரோ மூளையில்லாத விசர் இந்தப் பிளானைக் கீறியிருக்கு. ஆளை உங்களுக்குத் தெரியுமே?"