சௌசௌப் பந்தலில் ஒரு பொத்தல்

"எண்பத்திரண்டு பாயிண்ட் ஆறு. நேத்து எண்பத்தொண்ணுதான? சபாஷ்டா" என்று காயைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஓஸ்வால்ட் அடுத்த காய்க்கு நகர்கிறார். கையில் வெர்னியர். இரும்புத் துண்டின் கனத்தை மயிரிழை பிசகாமல் அளக்கிற அந்தக் கருவியின் தாடைகளுக்கு நடுவே பச்சை சௌசௌக்காய், முடிவெட்டுகிறவர் கையில் சிக்கிய பிள்ளையின் தலை மாதிரி அசையாமல் இருக்கிறது. காலை ஆறரை மணி. அளந்த மில்லிமீட்டர் கணக்கைத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சாக்பீஸால் எழுதி, கீழே ஒரு கோடு இழுக்கிறார்.

பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ரிடையர் ஆன அன்று கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரம் இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. சொந்தக் காசில் வாங்கிய வெர்னியர் மட்டும் சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. "எட்டு வரைக்கும் ஸ்கூல்ல படிச்சேன். அதுக்கப்புறம் லேத்துல படிச்சேன்" என்பார்.

ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் நாலு மாடிக் கட்டடங்கள். நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒற்றை மாடி வீடு. மொட்டைமாடி இருபதுக்குப் பதினெட்டு அடி. அங்கே பெயின்ட் டப்பாக்கள், மீன் கடையில் கேட்டு வாங்கிவந்த தெர்மாகோல் பெட்டிகள், பாதியாக அறுத்த நீல டிரம்கள், எல்லாம் நூல் பிடித்த வரிசையில். ஒரு டப்பா விரல் அகலம் விலகியிருந்தால் அவருக்குக் காபி இறங்காது. செடிகளுக்கும் கம்பெனி வழக்கப்படிதான் பதவி. கீரை, கொத்தமல்லி எல்லாம் அப்ரண்டிஸ். தக்காளி கான்ட்ராக்ட் லேபர். "மழ வந்தா லீவு, வெயில் வந்தா லீவு, சொல்லாம கொள்ளாம ஓடிரும்." சௌசௌ ஒன்றுதான் பர்மனென்ட். தேனீ வந்துவிட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறந்தாலும் விரலை உதட்டில் வைப்பார். "ஷிஃப்ட் நடக்குது மா. டிஸ்டர்ப் பண்ணாத."

அந்தப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் சங்கம் வருடாவருடம் வீட்டுத்தோட்டப் போட்டி நடத்துகிறது. நடுவர்கள் வீடு தேடி வந்து பார்ப்பார்கள். மூன்று வருடம் கலந்துகொண்டு இரண்டு ஆறுதல் பரிசு வாங்கியிருக்கிறார் ஓஸ்வால்ட். எதிர்மாடி பெர்னார்ட் பிளாஸ்டிக் பைப்பில் ஓட்டை போட்டு லெட்யூஸ் இலை வளர்க்கிறவர். போன வருடம் அவருக்கு இரண்டாம் பரிசு. "மண்ணே இல்ல, அது தோட்டமா மேன்? ஆஸ்பத்திரில டியூப் போட்ட மாதிரி இருக்கு" என்று ஓஸ்வால்ட் ஒரு மாதம் புலம்பினார். அதைவிட, "மாடில பாதி எடம் காலியா இருக்கே" என்று ஒரு நடுவர் சொல்லிவிட்டுப் போனதுதான் முள்ளாகத் தைத்தது.

ஜனவரியில் பழைய இரும்புக் கடையில் பைப்பும் கம்பியும் வாங்கி, மாடியின் நாலு மூலையும் மூடுகிற மாதிரி ஒரு பந்தல் போட்டார். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் கீழே வராந்தாவுக்கு மாற்றினார். ஜூலையில் பந்தல் நிறைந்துவிட்டது. அடியில் நின்று அண்ணாந்தால் வானம் தெரியாது. நாற்பத்தேழு காய்கள்தான் தெரியும். "ஃபுல் கவரேஜ்" என்று சொல்லும்போது இரண்டு கையையும் விரிப்பார், மாடியைக் கட்டிப்பிடிக்கப் போகிறவர் மாதிரி.

அதே ஜூலையில்தான் மகள் லீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் பேத்தி. ஆஸ்பத்திரியிலேயே ஓஸ்வால்ட் வெர்னியரை எடுத்துப் பாதத்தை அளந்தார். எழுபத்தாறு பாயிண்ட் நாலு.

"இரும்பக் கொண்டாந்து பச்சப்புள்ள கால்ல வெக்கிறீங்களே, ஜில்லுனு இருக்காது?" என்று மனைவி நோரா அதட்டினார். அன்றிலிருந்து கருவியை உள்ளங்கையில் பொத்தி, ஊதி ஊதிச் சூடாக்கிய பிறகே அளக்கிறார். தொட்டிச் சுவரில் சௌசௌவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை ஏறியிருக்கிறது. அதன் தலைப்பு 'எம்.டி.' காலையில் பல் தேய்த்ததும் தொட்டிலோரம் போய் விறைப்பாக நின்று "குட் மார்னிங் எம்.டி." என்று சல்யூட் வைப்பார். எம்.டி. கொட்டாவி விடுவாள். அந்த உதட்டுக் குழிவைப் பார்க்க அடுப்பில் பால் பொங்குவதையும் விட்டுவிட்டு நோரா ஓடிவருவார். மூன்று பெரியவர்களும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

மூன்றாவது வாரம் பாப்பாவின் தொடையிடுக்கு சிவந்துபோனது. டயபர் வேண்டாம், பருத்தித் துணி கட்டுங்கள், நல்ல வெயிலில் காய்ந்ததாக இருக்கட்டும் என்றார் டாக்டர். பெங்களூர் ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது? நாள் முழுக்கப் பொடித்தூறல். பதினொரு மணி வாக்கில் அரை மணியோ முக்கால் மணியோ சூரியன் எட்டிப்பார்க்கும். அதுவும் அந்த வீட்டில் மொட்டைமாடியில்தான் விழும். அங்கே பந்தல்.

துணிகள் நாற்காலி முதுகில் தொங்கின. ஜன்னல் கம்பியில் தொங்கின. டிவி மேலேயும் இரண்டு. நோரா ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுச் சலித்தார். வீடே ஈரத்துணி வாடை அடித்தது.

"லீனா டாடி, காய்க்கெல்லாம் வெயில் காட்டறீங்க. புள்ளத் துணிக்குக் கெடயாதா?"

"வெள்ளிக்கெழம ஜட்ஜ் வராங்க நோரா. நாலே நாளு."

"வரட்டும். அந்த ஜட்ஜம்மாவ ரெண்டு துணி பிழியச் சொல்லுங்க. பரிசு நான் தரேன்."

லீனா சண்டைக்கு வரவில்லை. புதன்கிழமை மட்டும் ஒரு தடவை கேட்டாள். "டாடி, பந்தல் எவ்ளோ நாள் இருக்கணும்?"

"ரெண்டு நாள் மா."

"சரி டாடி."

நோராவின் அதட்டலை முப்பத்தெட்டு வருடமாகத் தாங்கிவிட்டார். அந்தச் 'சரி'யைத்தான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் லீனா தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு துணிமேல் காட்டிக்கொண்டிருந்தாள். மடியில் பாப்பா கால்களை உதைத்து வீறிட்டாள். சிவப்பு தொடைவரை இறங்கியிருந்தது. ஓஸ்வால்ட் அந்தத் துணியை வாங்கிப் புறங்கையில் வைத்துப் பார்த்தார். நடுவில் காய்ந்திருந்தது, ஓரத்தில் ஈரம்.

"ரிஜெக்ட்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். மாடிக்குப் போனார்.

ஸ்டூலைப் பந்தலின் நட்டநடுவே போட்டு ஏறி, கத்தரிக்கோலை எடுத்தார். எட்டடிக்கு எட்டடிப் பொத்தல். முதல் தண்டை வெட்டுவதற்குள் மூன்று தடவை கத்தரியை வைத்து வைத்து எடுத்தார்.  அதை எதிர்மாடியிலிருந்து பெர்னார்ட் பார்த்துவிட்டார்.

"என்ன மேன்! தல கெட்டுப்போச்சா? நாளைக்கி ஜட்ஜ் வருது!"

"பெர்னார்ட், துணி கிளிப் இருக்கா?"

"எத்தினி?"

"நாப்பது."

 பெர்னார்ட் தன் கயிற்றில் கிடந்த அரை ஈரச் சட்டைகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, கிளிப்புகளையெல்லாம் ஒரு பையில் கழற்றிப் போட்டு, தெருவைத் தாண்டி அவரே கொண்டுவந்தார். தரையில் இருபத்தொன்பது காய்கள் கிடந்தன, பாதி பிஞ்சு.

"இந்த வருஷம் ஃபர்ஸ்ட் பிரைஸ் எனக்குத்தான், தெரியுதா மேன்?"

"வாங்கிக்கோ. பதினஞ்சு காயும் எடுத்துட்டுப் போ. கூட்டு வெய்யி. ஒன் எலைய வெச்சு என்னத்தத் துன்னுவ?"

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நடுவர் ரமா ஃபாரமும் குடையுமாக மாடி ஏறிவந்தார். வந்ததும் அண்ணாந்து பார்த்தார். பச்சைக் கூரையின் மத்தியில் சதுரமாக வானம். அதற்கு நேர் கீழே இரண்டு கயிறுகள். கயிறுகளில் இருபத்திரண்டு வெள்ளைத் துணிகள், உள்ளங்கை உள்ளங்கையாக இடைவெளி விட்டு.

"ஃபுல் கவரேஜ்னு அப்ளிகேஷன்ல போட்டிருக்கீங்களே மிஸ்டர் ஓஸ்வால்ட். நடுவுல என்னாச்சு? பூச்சி விழுந்துருச்சா?"

"இல்ல மேடம். டிசைன் சேஞ்ச்."

ரமா பேனாவைத் திறந்து ஃபாரத்தில் ஒரு கட்டத்தில் ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே மேகம் விலகியது. சதுரத்தின் வழியாக வெயில் சரிந்து இறங்க, கண் கூசிய ரமா குடையை விரித்தார். குடையின் நிழல் நாலு துணிகளை மூடியது.

போன வருடம் வரைக்கும் நடுவர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் ஓஸ்வால்ட்.

"மேடம், ஒரு ஸ்டெப் அப்டிக்கா நில்லுங்க."

ரமா ஒரு கணம் விழித்துவிட்டு நகர்ந்தார். "சரி, இப்ப மொத்தம் எத்தன காய் இருக்கு?"

"கேளுங்க மேடம், காது இங்கதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓஸ்வால்ட் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். முதல் கிளிப்பைக் கழற்றி, துணியின் ஈரப்பக்கம் வெயிலைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டார். ஓரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு அடுத்த துணிக்கு நகர்ந்தார்.