அப்பா வருகிற பக்கம்

என் வீட்டுக்காரர் எழுதிய நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஆள் இந்த மதுரையில் நான் ஒருத்திதான். எழுதியவரே அப்படிப் படித்ததில்லை. ஆசைப்பட்டுப் படித்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில், ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறேன். அவர் போனைப் பார்த்து வாயால் சொல்லச் சொல்ல, அது தன் இஷ்டத்துக்கு ஏதேதோ எழுதி வைத்திருந்தது. அதை அச்சுக்குக் கொடுக்கிற மாதிரி ஒழுங்காக அடித்துத் தருகிற வேலை என் தலையில் விழுந்தது. முதலாளி மத்தியானம் சாப்பிடப் போகிற நேரத்தில் அடித்தேன். எனக்கும் சாப்பாட்டு நேரம் அதுதான்.

"அடிக்கிற கைக்கு அர்த்தம் தெரியக் கூடாதும்மா" என்பார் முதலாளி. விவாகரத்து மனு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று நாள் முழுக்க அடிக்கிற கடை அது. ஒவ்வொன்றையும் படித்து அழுதுகொண்டிருந்தால் வேலை ஓடாது. எனக்கும் அது பழகிப் போயிருந்தது. ஆனால் இந்த நாவலை மட்டும் அர்த்தம் தெரிந்தே அடித்தேன். ஏனென்றால் அதில் என் அப்பா வருவார் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அவரைத் தேடிக்கொண்டே அடித்தேன்.

அப்பாவுக்கு ஊர் மேற்கே, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போக வேண்டும். பாதி ஆயுசுக்கு மேல் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் அறுப்பு அறுத்தும் கழித்துவிட்டு, கண்மாய்க்குக் கீழே ஒரு துண்டு நிலம் சொந்தமாக வாங்கியவர். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபின், பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று ஆரப்பாளையத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் கொரியர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எழுத்தாளர் ஆகியிருந்தார். சொந்தபந்தம் மொத்தமும் அவரைக் கேலி பேசியது. எனக்கும் எரிச்சல்தான். அப்பா ஒருவர்தான் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

பகல் முழுக்க வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். நான் வேலை முடிந்து வரும்போது அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், இவர் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருப்பார்.

"இந்த உலகமே ஒரு கேம் மாதிரி மாமா. ஒருத்தன வெட்டுனா பாயிண்ட்டு. பாயிண்ட்டு ஏற ஏற லெவல் ஏறும்."

"சரி மாப்ள. இம்புட்டுப் படை போகுதே, அம்புட்டுப் பேருக்கும் கஞ்சி யாரு காச்சுறா?"

"அதெல்லாம் கதையில வராது மாமா."

"வராட்டி எப்புடி? வெளைய வைக்கிறவன்னு ஒருத்தன் இருக்கணும்ல? அவன எங்க வச்சிருக்கீக?"

இவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மாமா, அந்த ஆளே நீங்கதான். ஒங்களத்தான் வைக்கப் போறேன். கதை முடியிற வர வாரீங்க."

அன்று அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. கீழே டீக்கடைக்காரரிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். ஊசி போட வந்த நர்ஸிடம், "எங்க மாப்ள புஸ்தகத்துல நான் வாரேன்மா, கடைசி வர வாரேன்" என்று சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்குப் புத்தகத்தில் வருவது என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். அதற்காகவே என் வீட்டுக்காரர் வேலையை விட்டதைக்கூட நான் மன்னித்தேன்.

புத்தகம் வருவதற்கு முன்னால் அப்பா போய்விட்டார். கடைசி நாள் நினைவு தப்பித் தப்பி வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மடையத் தொறந்தாச்சா?" என்றார். அந்த வருஷம் கண்மாயில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. "தொறந்தாச்சுப்பா" என்றேன். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. என் வீட்டுக்காரர் அப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

இனி நாவலைச் சொல்கிறேன். மதுரையில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் ஒருவன் ரிங் ரோட்டில் லாரி மோதிச் சாகிறான். கண் விழித்தால் வேறு உலகம். கண்ணுக்கு முன்னால் நீலப் பெட்டி ஒன்று மிதக்கிறது. பலம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, அதிர்ஷ்டம் இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரு பூதத்தை வெட்டுகிறான். 'டிங்!' என்று சத்தம். லெவல் ஏறுகிறது. இன்னொரு பூதம், இன்னொரு டிங். இதுதான் கதை. பக்கத்துக்குப் பக்கம் நீலப் பெட்டி வந்ததால், ஒரு கீயைத் தட்டினாலே பெட்டி விழுகிற மாதிரி கம்ப்யூட்டரில் அமைத்துக்கொண்டேன்.

அந்த உலகத்தில் கோட்டை இருக்கிறது, பனி கொட்டுகிறது. கொடைக்கானலைத் தாண்டிக் குளிர் அறியாத மனிதர் அம்பாரம் அம்பாரமாகப் பனியை எழுதியிருந்தார். எல்லாரும் ரொட்டி தின்கிறார்கள், பீப்பாய் பீப்பாயாகக் குடிக்கிறார்கள். மதுரைக்காரன் ஒருத்தன் கண்காணாத தேசத்தில் போய் விழுந்து ஒரு நாள்கூட காபி கிடைக்குமா என்று கேட்கவில்லை, அம்மாவை நினைத்து அழவில்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் ஒரு இடத்திலும் தோற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தாயம் விளையாடிய காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த விளையாட்டு எல்லாவற்றிலும் வெட்டுப்பட்டு வெளியே வருவது உண்டு. அது இல்லை என்றால் அப்புறம் எதற்கு விளையாட்டு? ஆனால் இவருடைய கதாநாயகனுக்குக் கேட்பதற்கு முன்பே எல்லாம் கிடைத்தது. சோறு எங்கிருந்து வந்தது, துணியை யார் துவைத்தது என்ற யோசனையே அவனுக்கு வரவில்லை. அடித்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் வீட்டில் அவர் இருக்கிற இருப்புதான் இது என்று எனக்குப் பட்டது.

பாதி நாவல் தாண்டியபின் அப்பா வந்தார். 'ஏரிக்கரைக் கிழவன்' என்று பெயர். கதாநாயகன் வருகிறான். கிழவன், "மகனே, உனக்காகத்தான் காத்திருந்தேன்" என்று ஒரு மந்திர அரிவாளைக் கொடுக்கிறான். "மடை திறந்ததா?" என்று கேட்டுவிட்டுச் செத்துப்போகிறான். டிங்! வலி தாங்கும் திறன் கூடியது. கதாநாயகன் அடுத்த வரியில் குடிக்கப் போகிறான். அதற்குப் பிறகு ஒரு குகை. கதவு பூட்டியிருக்கிறது. அவன் "மடை திறந்தது!" என்று கத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே தங்கம்.

என் கை நின்றுவிட்டது. செத்துக்கொண்டிருந்த மனிதர் காய்ந்து கிடந்த வயலை நினைத்துக் கேட்ட கேள்வி அது. அதை எடுத்துக் குகைக் கதவுக்குச் சாவியாகப் போட்டிருந்தார். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "அப்பா கடைசி வர வருவாருன்னு சொன்னீங்கள்ல?"

போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "கதை ஸ்பீடா போகணும்ல. பெரியவர் ஒருத்தர் செத்தாத்தான் ஹீரோ லெவல் ஏறுவான். அதான் ரூலு."

"யாரு போட்ட ரூலு?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது. நீ அடிச்சுக் குடு, போதும்."

மறுநாள் கடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அழித்தேன். கோர்ட்டுத் தாள்களில் ஒரு கமாவைக்கூட நானாக மாற்றியதில்லை. இதைச் செய்தேன். கிழவனின் சாவையும், அரிவாளையும், குகையையும், தங்கத்தையும் எடுத்தேன். அந்த இடத்தில் நான் எழுதினேன்.

எனக்குக் கதை கட்டத் தெரியாது. நடந்ததைத்தான் எழுதினேன். நான் பள்ளிக்கூடம் படித்தபோது, ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளரின் வண்டிகள் குறுக்கு வழியில் போகலாம் என்று எங்கள் வயலுக்குள் இறங்கப் பார்த்தன. அப்பா வரப்பில் போய் முன்னால் நின்றார். தோளில் கிடந்த துண்டு தோளிலேயே கிடந்தது. "நாத்துப் பாவியிருக்குய்யா. சுத்திப் போங்க" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. வண்டிகள் கொஞ்ச நேரம் உறுமிப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின.

நாவலில் வண்டிக்குப் பதில் கதாநாயகனின் படை வந்தது. அவன் வாளை உருவினான். கிழவர் அதே சொல்லைச் சொன்னார். நீலப் பெட்டி திறந்தது, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் வாளை உறையில் போட்டுக்கொண்டு படையை வயலைச் சுற்றி நடத்திப் போனான். யுத்தம் முடிந்து அதே வழியில் அவன் திரும்பும்போது கிழவர் அறுப்பு முடித்துக் களத்தில் நிற்கிறார். "கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போப்பா" என்கிறார். அதைக் கடைசி அத்தியாயத்தில் வைத்தேன். கதை முடிகிற வரை அப்பா வந்தாயிற்று.

அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கத் தாள்கள் வந்தன. கண்டுபிடித்துவிடுவார், சண்டை வரும் என்று என்ன பேசுவது என்பதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் அட்டைப் படத்தை மட்டும் பார்த்தார். வாளின் நிறம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்றார். தாள்கள் இரண்டு நாள் டிவி மேல் கிடந்து, பிரிக்காத கட்டாகவே அச்சகத்துக்குத் திரும்பிப் போயின.

தல்லாகுளத்திலேயே ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. வாசலில் அவர் கன்னத்தில் கைவைத்திருக்கிற ஃபிளெக்ஸ். மேடையில் பொன்னாடை மேல் பொன்னாடை. நம் ஊர்களில் வெளியீட்டு விழாவுக்கு என்று ஒரு வழக்கம் இருக்கிறது: புத்தகத்தைப் பற்றிப் பேச வருகிறவர் புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசுவார். முதலில் பேசியவர் கீழடியைப் பேசினார். அடுத்தவர் தன் அமெரிக்கப் பயணத்தைப் பேசினார். மூன்றாவதாக எழுந்தவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், வயதானவர்.

"பொய் சொல்ல மாட்டேன் தம்பி. நெறைய எடத்துல எனக்கு ஒண்ணும் புரியல" என்று ஆரம்பித்தார். சபை சிரித்தது. "ஆனா ஒரு எடத்துல அப்படியே நின்னுட்டேன். அத மட்டும் வாசிக்கிறேன்."

அப்பாவின் பக்கத்தை வாசித்தார். நாத்துப் பாவியிருக்குய்யா என்று மைக்கில் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், அப்பா அந்த மண்டபத்துக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வாசித்து முடித்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. நான் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது திகைப்பார், புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் கையைக் கூப்பிக்கொண்டு தலையைத் தாழ்த்தியிருந்தார்.

கடைசியில் ஏற்புரைக்கு எழுந்தார். "ஐயா வாசிச்ச பகுதி என் மாமனார். அத எழுதுனப்போ எனக்குக் கண்ணீர் நிக்கல. தாளெல்லாம் நனைஞ்சு போச்சு" என்றார். போனைப் பார்த்துப் பேசி எழுதியவருக்கு ஏது தாள்? ஆனால் குரல் தழுதழுத்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. சபை திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "கொடுத்து வச்சவம்மா நீ" என்றார். சிரிக்க வேண்டியிருந்தது, சிரித்தேன்.

வீட்டுக்குப் போகும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மடியில் பொன்னாடை மூட்டை. சிக்னலில் வண்டி நின்றது.

"அந்தப் பகுதிய எப்ப எழுதுனீங்க?" என்றேன்.

"மாமா போன அன்னிக்கு. மனசு தாங்கல, ஒரே மூச்சுல எழுதிட்டேன்."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், அது இல்லை. அவர் மனதார நம்பினார். திருட்டு என்றால் பிடிக்கலாம், இதை எங்கே பிடிப்பது?

"எல்லாரும் கிழவரத்தான் கேக்குறாங்க பாத்தியா? ரெண்டாம் பாகத்துல அவர வில்லனாக்கிரலாம். கடைசிச் சண்டையில ஹீரோ அவர வெட்டுறான். பாயிண்ட்டு அள்ளும்."

"அந்தப் பக்கத்த எழுதுனது நான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

பச்சை விழுந்தது. அவர் வண்டியைக் கிளப்பினார். "ஆமா, நீதான அடிச்ச? யாரு இல்லைன்னா? முன்னுரையில ஒனக்கு நன்றிகூட போட்டிருக்கேனே, பாக்கலையா?"

பார்த்தேன். அதையும் நான்தான் அடித்தேன்.